மருத்துவமனை எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) மருந்து எச்சத்தையும் மருந்துக்கு மசியாத கிருமியையும் பிடிப்பது எப்படி

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, மருத்துவமனைக் கழிவுநீருக்கு என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். பி.ஹெச். (அமில-கார அளவு) 6.5 முதல் 9 வரை. பி.ஓ.டி. (அழுக்கைப் பாக்டீரியா சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், சி.ஓ.டி. (அதையே ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250க்குள், மிதக்கும் திடப்பொருள் 100க்குள், எண்ணெய் 10க்குள். அப்புறம் சுத்திகரித்த நீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் பற்றி இதில் ஒரு வரிகூடக் கிடையாது. மருந்துக்கு மசியாத பாக்டீரியா பற்றியும் கிடையாது. மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு ஆன்டிபயாட்டிக் வரம்பு வைக்க 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்தப் பகுதியே காணோம்.

ஆக, மாதா மாதம் ரிப்போர்ட்டில் பாஸ் ஆகும் ஒரு எஸ்.டி.பி. மருந்தையும் முரட்டுக் கிருமியையும் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். மருத்துவமனை எஸ்.டி.பி.களை ஓட்டிப் பராமரிப்பதுதான் என் தொழில். சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில்தான் வேலை அதிகம். இந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் போகிறது, மிச்சம் ஏரிக்குப் போகிறது. சட்டம் கேட்கட்டும், அப்புறம் செய்யலாம் என்று என்னால் இருக்க முடியவில்லை. இதைச் செய்ய நினைக்கும் மருத்துவமனைப் பொறியாளர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு.

விஷயம் நம் ஊரிலிருந்து தூரத்தில் இல்லை. என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவும் உண்டு. மறு வருடமே டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் அதே மரபணு இருப்பதைக் காட்டினார்கள். ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். எதிர்ப்புக் கிருமியை ஊக்குவிக்காமல் இருக்க, அந்த மருந்து நீரில் லிட்டருக்கு சுமார் 0.06 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 31 மில்லிகிராம் என்பது 31,000 மைக்ரோகிராம். மருத்துவமனைக் கழிவுநீர் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் 0.06ஐத் தாண்டுவதற்கு அதிகம் தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். மருந்தை உடைக்கும் ஓசோன் வாயு மெஷின் விற்பவர் முதலில் வருவார், மருந்தை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் (கரி) விற்பவர் பின்னால் வருவார். இரண்டு பேரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஏரேஷன் டேங்க் (காற்றை ஊதி, அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி) சரியில்லாத இடத்தில் ஓசோன் வைப்பது பணத்தைக் காற்றில் ஊதுவதுதான். ஏன் என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

குழாயில் இறங்கும் முன்

சில மருந்துகளை எந்த மெஷினாலும் சரியாகப் பிடிக்க முடியாது. சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோஹெக்சால் போன்ற கான்ட்ராஸ்ட் மருந்துகள் அந்த ரகம். ஏரேஷன் டேங்கில் அசையாது, ஓசோனுக்கும் லேசில் மசியாது, கார்பனிலும் சீக்கிரம் நழுவிவிடும். அளவும் சின்னது இல்லை. 300 ரகப் பாட்டில் (மில்லிக்கு 300 மில்லிகிராம் அயோடின்) 100 மில்லி ஏற்றினால், அதில் சுமார் 65 கிராம் அயோஹெக்சால் இருக்கிறது. ஏறக்குறைய முழுவதும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் அப்படியே வந்துவிடும். 135 கே.எல்.டி. (நாளைக்கு 1,35,000 லிட்டர்) ஓடும் எஸ்.டி.பி.யில் இப்படி ஒரே ஒரு நோயாளியால் லிட்டருக்கு 480 மைக்ரோகிராம் ஏறுகிறது. உள்நோயாளிகளுக்கு ஸ்கேன் முடிந்த முதல் நாள் மட்டும் சிறுநீர்ப் பை கொடுத்து, அதைச் சேகரித்து எரிப்புக்கு அனுப்புவதுதான் வழி. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெளிநோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், அதை நம்மால் தடுக்க முடியாது.

அடுத்தது நர்சிங் ஸ்டேஷன் சிங்க். கரைத்து மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் வயலை அதில் கவிழ்ப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. அது மஞ்சள் பையில் போக வேண்டியது. மைக்ரோபயாலஜி லேபின் கல்ச்சர் தட்டுகளும் பிளட் கல்ச்சர் பாட்டில்களும் ஆட்டோகிளேவ் ஆகாமல் வெளியே வரவே கூடாது. இந்த மூன்றையும் சரிசெய்ய மெஷின் எதுவும் வேண்டாம். சிஸ்டர் இன்-சார்ஜிடம் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஹவுஸ்கீப்பிங்கையும் விடாதீர்கள். ஃப்ளோர் கிளீனரும் ஹைப்போவும் (குளோரின் திரவம்) வாளி வாளியாக ஒரே நேரத்தில் இறங்கினால் ஏரேஷன் டேங்க் பாக்டீரியா அடிபடும். மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் கலெக்‌ஷன் டேங்க் மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாசனையே சொல்லிவிடும். ஈக்வலைசேஷன் டேங்கை (வரும் நீரைச் சேர்த்துச் சமப்படுத்தும் தொட்டி) எப்போதும் பாதிக்கு மேல் வைத்து, கலக்கியபடியே ஓட்டுங்கள். அடி கொஞ்சம் தணியும்.

ஏரேஷன் டேங்க்

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை நல்ல ஏரேஷன் டேங்கிலேயே பெரும்பாலும் போய்விடும். வலிப்பு மருந்தான கார்பமசெபைன் போகாது. வலி மருந்தான டைக்ளோஃபெனாக் கொஞ்சம்தான் குறையும். சிப்ரோஃப்ளோக்ஸசின் தண்ணீரை விட்டுவிட்டு ஸ்லட்ஜில் (பாக்டீரியா நிறைந்த சேறு) ஒட்டிக்கொள்ளும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே உங்கள் இலக்கு ஒன்றுதான்: நைட்ரிஃபிகேஷன், அதாவது பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது, முழுமையாக நடக்க வேண்டும். அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே, நைட்ரைட் நைட்ரஜன் 0.3க்குக் கீழே. அதற்கு ஸ்லட்ஜின் வயது (அது டேங்கில் சராசரியாகத் தங்கும் நாள்) 15 நாளுக்கு மேல் இருக்கட்டும். கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும், அது தீர்ந்தால் பி.ஹெச். சரியும், பாக்டீரியா படுத்துவிடும். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க ராத்திரியில் ப்ளோயரை நிறுத்தும் பழக்கம் பல இடத்தில் உண்டு. காலையில் நைட்ரைட் ஏறி நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

நைட்ரைட்டைத் தினமும் காலையில் பாருங்கள். சொட்டு விடும் டெஸ்ட் கிட் போதும். சோதனைக் குழாயில் செட்லர் (சேறு அடியில் படியும் தொட்டி) மேல்நீரை எடுத்து, கிட்டிலுள்ள ரசாயனத்தைச் சொட்டி, சொன்ன நேரம் காத்திருந்தால், நீர் நிறமில்லாமல் அல்லது மிக லேசான ரோஜா நிறத்தில் நிற்க வேண்டும். பீட்ரூட் நிறத்துக்குப் போனால் ஓசோன் பக்கம் அன்றைக்குப் போகவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சில கிட் நைட்ரைட்டாகவே காட்டும், சில நைட்ரஜனாகக் காட்டும். நைட்ரைட்டாகக் காட்டினால் 3.3ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டப்போகிறீர்கள் என்றால் எம்.பி.ஆர். (ஏரேஷன் டேங்கோடு சவ்வு வடிகட்டியும் சேர்ந்த அமைப்பு) வாங்குங்கள், எனக்கு இதில் இரண்டாம் கருத்து கிடையாது. அதன் சவ்வின் துளை 0.04 மைக்ரான் அளவில் இருக்கும். பாக்டீரியா அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் பருமன். சவ்வு கிழியாதவரை முரட்டுக் கிருமியானாலும் சாதுக் கிருமியானாலும் மேலே வராது. ஆனால் மருந்து மூலக்கூறு அந்தத் துளையில் சாவகாசமாகப் போய்விடும். அதனால் எம்.பி.ஆர். இருந்தாலும் பின்னால் கார்பன் வேண்டும்.

ஓசோன்: கணக்கு

300 படுக்கை, படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்றால் 135 கே.எல்.டி. ஃபில்டர் ஃபீட் பம்ப் 20 மணி நேரம் ஓடினால் மணிக்குச் சுமார் 7 கனமீட்டர். மணல் ஃபில்டரைத் தாண்டிய நீரில் கரைந்த கரிமக் கார்பன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கரிமக் கார்பனுக்கு 0.5 முதல் 0.6 கிராம் ஓசோன் போதும் என்பது சுவிட்சர்லாந்தில் பெரிய அளவில் ஓட்டிப் பார்த்த அனுபவம். அங்கே டூபென்டார்ஃபில் உள்ள நோய்குட் நிலையம் 2014லேயே ஓசோனுக்கு வந்துவிட்டது. 2016 முதல் குறிப்பிட்ட நிலையங்கள் மருந்து எச்சங்களில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

நம் கணக்கில் கனமீட்டருக்கு 6 கிராம் ஆகிறது. இதில் நைட்ரைட்டைச் சேர்க்க வேண்டும். ஒரு கிராம் நைட்ரைட் நைட்ரஜன் சுமார் 3.4 கிராம் ஓசோனை முதலில் விழுங்கிவிடும், மருந்துக்கு மிச்சம் வைக்காது. நைட்ரைட் 0.3 என்றால் கூடுதலாக 1 கிராம், மொத்தம் 7 கிராம். மணிக்கு 49 கிராம், நீரில் கரையாமல் போவதையும் சேர்த்து 60 கிராம் மெஷின் போதும். அதே இடத்தில் நைட்ரைட் 3 மில்லிகிராம் என்றால் கூடுதல் 10 கிராம், மொத்தம் 16 கிராம், மணிக்கு 112 கிராம். 60 கிராம் மெஷின் வைத்திருப்பவர் அன்றைக்கு மருந்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். மெஷின் ஓடும், மீட்டர் ஓடும், கரன்ட் பில் வரும்.

கடற்கரையோரம் இருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து போர்வெல் நீரில் கடல் நீர் கலந்திருந்தால் புரோமைடும் கூடவே வரும். ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கிவிடும். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாம் குடிக்கப்போவதில்லைதான், ஆனால் தோட்டத்துக்கு விடும் நீர் அடுத்த வீட்டு போருக்குத்தானே இறங்கும்? கடல் நீரில் சுமார் 290 பங்கு குளோரைடுக்கு 1 பங்கு புரோமைடு. போர்வெல் நீரின் குளோரைடு 300 மில்லிகிராம், அதுவும் கடலிலிருந்து வந்தது என்றால், புரோமைடு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். 100ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். எஸ்.டி.பி. நீரின் குளோரைடை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள், அதில் சிறுநீர் உப்பும் சேர்ந்திருக்கும். உள்ளே வரும் நீரை டெஸ்ட் செய்யுங்கள். புரோமைடு கூடுதலாக இருக்கும் இடத்தில் ஓசோனை விட்டுவிட்டு, கார்பனைப் பெரிதாக வையுங்கள்.

ஓசோன் கான்டாக்ட் டேங்க் மூடியதாக, 4 அல்லது 5 மீட்டர் உயரத்தில், நீர் 15 முதல் 30 நிமிடம் நிற்கும்படி இருக்கட்டும். மேலே தப்பும் வாயுவை அழிக்கும் டெஸ்ட்ரக்டர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. அறைக்குள் 0.1 பி.பி.எம். தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். ஸ்கூட்டர் ஷெட் அளவு அறையில் ஜன்னல் இல்லாமல் மெஷினை அடைத்து வைப்பார்கள், ஆபரேட்டரின் நுரையீரலை நினைத்துப் பாருங்கள்.

ஓசோன் மருந்து மூலக்கூறை உடைக்கிறதே தவிர முழுக்க எரிப்பதில்லை. உடைந்த துண்டுகளைத் தின்ன, பின்னால் பாக்டீரியா குடியிருக்கும் ஒரு படுகை வேண்டும். கார்பன் ஃபில்டர் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும்.

கார்பன்

நம் எஸ்.டி.பி.களில் ஏ.சி.எஃப். (கார்பன் ஃபில்டர்) என்று ஒரு டப்பா எப்படியும் இருக்கும். அது நாற்றத்துக்கும் நிறத்துக்கும் போட்டது. நீர் அதில் நிற்பது சில நிமிடம்தான். மருந்தைப் பிடிக்கக் கார்பன் படுகையில் 20 நிமிடமாவது வேண்டும். மணிக்கு 7 கனமீட்டர் என்றால் 2.3 கனமீட்டர் கார்பன், எடையில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஓசோன் இல்லாத இடத்தில் 30 நிமிடமாக்குங்கள், இரண்டு ஃபில்டரைத் தொடராக வையுங்கள். முதல் ஃபில்டர் தீர்ந்ததும் இரண்டாவதை முதல் இடத்துக்கு மாற்றிவிட்டு, புதுக் கார்பனைப் பின்னால் போடலாம்.

எந்தக் கார்பன்? காங்கேயம் பக்கத்துத் தேங்காய் ஓட்டுக் கார்பன் சுலபமாகக் கிடைக்கும், தூள் பறக்காது, உறுதியாகவும் இருக்கும். ஆனால் அதன் துளைகள் பெரும்பாலும் மிக நுண்ணியவை. கழிவுநீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். நடுத்தரத் துளைகளும் உள்ள நிலக்கரி ரகம் கழிவுநீருக்குப் பொதுவாக நன்றாக உழைக்கும். அயோடின் எண் (நுண்துளைகளின் அளவுகோல்) 900க்கு மேல் என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், மெத்திலீன் ப்ளூ எண்ணையும் (நடுத்தரத் துளைகளின் அளவுகோல்) கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத சப்ளையரிடம் வாங்க வேண்டாம்.

ஆயுளை மாதக் கணக்கில் வைக்காதீர்கள். படுகையின் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு நீர் ஓடியது என்று எண்ணுங்கள். 135 கனமீட்டரை 2.3ஆல் வகுத்தால் நாளைக்குச் சுமார் 59 மடங்கு. 10,000 மடங்கு வர ஆறு மாதம் ஆகும். அந்தக் கட்டத்தில் கட்டாயம் டெஸ்ட் எடுத்து, மாற்றுவதா தொடர்வதா என்று முடிவு செய்யுங்கள். கழற்றிய கார்பனில் நீங்கள் பிடித்த மருந்தெல்லாம் இருக்கிறது. அதைத் தோட்டத்து மரத்தடியில் கொட்டினால் அத்தனை வேலையும் வீண். மறு உயிரூட்டலுக்கு (சூடாக்கிக் கார்பனைப் புதுப்பிப்பது) அனுப்புங்கள், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பி ரசீதை ஃபைலில் வையுங்கள்.

யு.வி. கடைசியில்தான்

ஓசோன் கிருமியைக் குறைக்கும், ஆனால் கார்பன் படுகையில் திரும்ப வளரும். அதனால் யு.வி. (கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் விளக்கு) கார்பனுக்குப் பின்னால் வர வேண்டும். அங்கே நீர் தெளிந்திருப்பதால் கதிர் நன்றாக ஊடுருவும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமானது. அதன் எதிர்ப்பு மரபணுவையும் சிதைக்க வேண்டுமானால் பல மடங்கு டோஸ் தேவைப்படும். செத்த பாக்டீரியாவின் மரபணுவை உயிருள்ள இன்னொன்று எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் நான் எப்போதும் டிசைன் டோஸை மேல் பக்கமாகவே போடச் சொல்வேன். குவார்ட்ஸ் குழாயில் நம் ஊர்க் கடின நீரின் உப்பு வெள்ளையாகப் படியும். படிந்தால் விளக்கு எரியும், கதிர் வெளியே வராது. மாதம் ஒரு தடவை கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து, பழைய காட்டன் துணியால் துடையுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் கலங்காமல் தெரிய வேண்டும். விளக்கு எரிகிறதே என்று வருடக் கணக்கில் ஓட்டாதீர்கள், மணிக் கணக்கு மீட்டரைப் பார்த்து மாற்றுங்கள்.

ஹைப்போ போதாதா என்று கேட்பார்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் 8 முதல் 10 மில்லிகிராம் குளோரினைச் சாப்பிட்ட பிறகுதான் கிருமியைக் கொல்லத் தனிக் குளோரின் கிடைக்கும். அம்மோனியா 20 இருக்கும் நீரில் சொட்டுச் சொட்டாக விடும் ஹைப்போ என்ன செய்துவிடும்? யு.வி.க்குப் பின்னால், ஃப்ளஷ் லைனில் கிருமி திரும்ப வளராமலிருக்க லேசாக விடுங்கள். அதற்கு அது சரி.

ஆர்.ஓ. போட்டால் எல்லாம் தீராதா என்பது அடுத்த கேள்வி. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. (நாளைக்கு 4.5 கோடி லிட்டர்) ஆர்.ஓ. நிலையங்கள் 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு நீர் கொடுக்கின்றன. ஆர்.ஓ. நீர் நல்ல நீர்தான். ரிஜெக்ட் (ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் நீர்) எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மருந்து முழுவதும் அதில்தான் இருக்கும். அதைக் கலெக்‌ஷன் டேங்குக்கே திருப்பிவிட்டால் கார்பமசெபைன் உங்கள் எஸ்.டி.பி.க்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேரும். ரிஜெக்டுக்கு ஆவியாக்கி வைக்க முடியாத மருத்துவமனை ஆர்.ஓ. பக்கம் போக வேண்டாம்.

ஸ்லட்ஜை மறந்துவிடாதீர்கள். சிப்ரோஃப்ளோக்ஸசினும் கிருமியும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. பச்சையாக ரோஜாச் செடிக்குப் போடுவதை உடனே நிறுத்துங்கள். சுண்ணாம்பு கலந்து பி.ஹெச். 12இல் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கிருமி அடங்கும், மருந்து போகாது. அதனால் மருத்துவமனை ஸ்லட்ஜ் எரிப்புக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இதைக் கையாளும் ஆட்களுக்குக் கையுறை, மாஸ்க், தடுப்பூசி கட்டாயம்.

டெஸ்ட்

மருந்து டெஸ்டுக்கு, மிக நுண்ணிய அளவையும் காட்டும் எல்.சி.-எம்.எஸ். கருவியுள்ள லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், செலவு அதிகம். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஆனால் ஒரு பாட்டில் மொண்டு அனுப்பாதீர்கள், 24 மணி நேரத்துக்கும் மணிக்கு ஒரு தடவை எடுத்துக் கலந்த மாதிரி வேண்டும். கார்பமசெபைன், டைக்ளோஃபெனாக், சல்ஃபமெதாக்சசோல் (இதுவும் ஆன்டிபயாட்டிக்), சிப்ரோஃப்ளோக்ஸசின், அயோஹெக்சால் ஐந்தையும் கேளுங்கள். இடைப்பட்ட நாட்களில் 254 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை ஓசோனுக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும். ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தால் ஓசோன் தன் வேலையைச் செய்கிறது.

கிருமி டெஸ்டை உங்கள் மைக்ரோபயாலஜி லேபே செய்யும், இது மருத்துவமனைக்குள்ள பெரிய வசதி. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட டிரைசைக்கிள் முறையைப் பின்பற்றுங்கள். ஒரு தட்டில் சாதாரண டி.பி.எக்ஸ். அகார் (பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்), இன்னொன்றில் அதே அகாரோடு லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக். முதல் தட்டில் வளரும் நீலப்பச்சைப் புள்ளிகள் மொத்த ஈ.கோலை (குடல் பாக்டீரியா). இரண்டாவதில் வளர்பவை மருந்துக்கு மசியாதவை என்று சந்தேகிக்க வேண்டியவை, லேப் அவற்றை உறுதிசெய்யும். உள்ளே வரும் நீர், செட்லர் நீர், யு.வி. தாண்டிய நீர் மூன்றிலும் மாதம் ஒரு தடவை எடுங்கள். பாட்டிலில் தயோசல்ஃபேட் (குளோரினை முறிக்கும் உப்பு) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஹைப்போ பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்று ரிசல்ட்டைப் பொய்யாக அழகாக்கிவிடும். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். சதவீதத்தை வைத்துத் திருப்திப்படாதீர்கள்: 100 மில்லியில் ஒரு கோடி இருந்த இடத்தில் 99 சதவீதம் போனாலும் ஒரு லட்சம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் சிங்க், சிறுநீர்ப் பை, ப்ளோயர், நைட்ரைட் கிட், அப்புறம் ஒழுங்கான யு.வி. அடுத்த வருடம் 20 நிமிடக் கார்பன். காலை நைட்ரைட் மூன்று மாதம் தொடர்ந்து 0.3க்குக் கீழே நின்று, புரோமைடும் குறைவு என்று ரிப்போர்ட் வந்த பிறகு, காத்திருக்கச் சொன்ன ஓசோன்காரரைக் கூப்பிடுங்கள்.